நெஞ்சுவலிக்கும் மருத்துவமனைக்கும் இடையே

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாத அதிகாலையில், சின்னமனூருக்கு அருகே திராட்சைத் தோட்டம் வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, நெஞ்சைப் பிடிச்சு அமுக்குற மாதிரி இருக்கு, வேர்த்துக் கொட்டுது" என்றார். முந்தைய இரவு உறவினர் வீட்டு விசேஷத்தில் அவர் நன்றாகச் சாப்பிட்டது எனக்குத் தெரியும். "வாயுவா இருக்கும் மச்சான், சோடா குடிச்சிட்டுக் கொஞ்சம் நடந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு நான் மீண்டும் படுத்துக்கொண்டேன். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவன், முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன் அளித்த மருத்துவ ஆலோசனை அது.

காலை ஏழு மணிக்கு அவர் ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். அங்கே வயிற்றுக்கு ஓர் ஊசி போடப்பட்டது, இ.சி.ஜி. எடுக்கப்படவில்லை. பத்து மணிக்கு மேல் வலி தாங்காமல் வாடகைக் கார் பிடித்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் கடந்திருந்தது. உயிர் தப்பினார். ஆனால், இதயத் தசையில் பெரும்பகுதி செயலிழந்திருந்தது. பத்து படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில் ஓராண்டு வாழ்ந்தார். அடுத்த ஆண்டு தை பிறப்பதற்குள் போய்விட்டார். ஓய்வு பெற்ற பிறகு மாரடைப்பு குறித்த மருத்துவ ஆய்வுகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம், அன்று நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்.

மாரடைப்பு எப்படி நேர்கிறது என்பதைப் பலரும் நீர்க்குழாயில் உப்பு படிவதுபோல் கற்பனை செய்துகொள்கிறார்கள். அது பாதிதான் சரி. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கொரோனரி ரத்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாகச் சேர்கிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கிறது. காயத்தை அடைக்க ஓடிவரும் ரத்தம் அங்கேயே உறைந்து கட்டியாகிறது. சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டு, அதற்கு அப்பால் உள்ள தசை பட்டினியில் சாகத் தொடங்குகிறது. முதல் நாள் வரை தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவருக்கும் இது நேரக்கூடும். முன்னறிவிப்பு இருந்தே தீரும் என்ற நம்பிக்கை பொய்.

குழாய் முழுவதும் அடைபட்டதை இ.சி.ஜி. தாளில் உள்ள ஒரு குறிப்பிட்ட கோடு மேலெழுந்து நிற்பதை வைத்து மருத்துவர்கள் அறிகிறார்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த கருவி இது. இதைச் செம்மைப்படுத்திய டச்சு அறிஞர் ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதலில் செய்ய வேண்டிய, மிக மலிவான சோதனை இதுவே. ஆனால், முதல் இ.சி.ஜி. சரியாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று முடிவு செய்ய இயலாது. சிலருக்கு அரை மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது தாளில்தான் மாற்றம் தெரியும். சிலருக்குத் தாள் கடைசிவரை வாய் திறக்காது. சேதமடைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளந்தால்தான் உண்மை வெளிவரும். அந்தப் புரதம் உயர்வதற்கும் சில மணி நேரம் பிடிக்கும்.

சிகிச்சைக்கு வருவோம். 1980-கள் வரை மாரடைப்பு நோயாளியைப் படுக்கையில் கிடத்தி, வலியைக் குறைத்து, இதயத் துடிப்பைக் கண்காணிப்பதே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தது. அதை மாற்றியவற்றுள் முக்கியமானது 1988-இல் வெளியான 'ஐசிஸ்-2' என்ற பன்னாட்டு ஆய்வு. 17,187 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒரு பிரிவினருக்கு ஆஸ்பிரின், ஒரு பிரிவினருக்கு இரண்டும், கடைசிப் பிரிவினருக்கு இரண்டும் இல்லாத வெற்று மருந்து. ஐந்து வாரங்களில் வெற்று மருந்துப் பிரிவில் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தோர் 13.2 சதவீதம்; இரண்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். ஆஸ்பிரின் மட்டுமே இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. பெட்டிக்கடையில் தலைவலிக்கு வாங்கும் மாத்திரைக்கு இப்படியொரு ஆற்றல்!

இந்த ஆய்வில் என்னைப்போன்ற புள்ளியியல் பிரியர்கள் ரசிக்கும் ஒரு குறும்பும் உண்டு. நோயாளிகளை வயது, பாலினம் என்று பிரித்துப் பிரித்துப் பலனைக் காட்டுமாறு பத்திரிகை ஆசிரியர்கள் வற்புறுத்தினார்கள். ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று கணக்கு சொன்னது! எண்களை அளவுக்கு மீறித் துண்டாடினால் எந்த மூடநம்பிக்கையையும் நிரூபித்துவிடலாம் என்பதைச் சொல்ல அவர்கள் கையாண்ட வழி அது.

ஆனால், அந்தக் காலத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த மிகப் பெரிய பாடம் மருந்தைப் பற்றியதாக இல்லை. நேரத்தைப் பற்றியதாக இருந்தது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் ஆயிரம் பேரில் கூடுதலாக 65 உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன என்று 1996-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் என்றால் அது 37 ஆகக் குறைகிறது. அதன் பிறகு முப்பதுக்கும் கீழே இறங்குகிறது. அதே மருந்து, அதே மருத்துவர், அதே விலை; மாறியது கடிகாரம் மட்டுமே. வகுப்பில் குறைந்து செல் பயன்பாட்டு விதியை விளக்க நான் ஆண்டுதோறும் மாம்பழத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இந்த எண்கள் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் மாம்பழத்தை விட்டிருப்பேன்.

இப்போது ஒரு கேள்வி எழலாம். மருந்தைவிட, குழாய்க்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி மேலானது அல்லவா? ஆம், உடனே செய்ய முடிந்தால். முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் செய்ய இயலும் இடத்தில் அதுவே சிறந்தது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இயலாத இடத்தில் காத்திருப்பது ஆபத்து.

கம்பம் பள்ளத்தாக்கின் வரைபடத்தை மனதில் கொண்டுவாருங்கள். மேற்கேயும் தெற்கேயும் மலை. குமுளியிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிக்கு வரும் ஒற்றைச் சாலைதான் முதுகெலும்பு. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி மதுரைச் சாலையில் க.விலக்கில் இருக்கிறது. தேனியிலிருந்து மதுரை இன்னும் 75 கிலோமீட்டருக்குக் குறையாது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்தோ, வருசநாட்டுக்கு மேலே உள்ள சிற்றூர்களிலிருந்தோ கிளம்புபவருக்கு, சமவெளியை அடைவதே தனிப் பயணம். இப்படிப்பட்ட ஊரில், 'நேராக மதுரைக்குக் கொண்டுபோய்விடுவோம்' என்று உறவினர்கள் எடுக்கும் முடிவு, அன்பினால் எடுக்கப்பட்டாலும், பல நேரங்களில் தவறான முடிவு. வழியிலேயே இருக்கும் அரசு மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு பயணிப்பதுதான் ஆய்வுகள் காட்டும் வழி.

2013-இல் வெளியான 'ஸ்ட்ரீம்' என்ற ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தும், ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்க வாய்ப்பில்லாத 1,892 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு டெனெக்டெபிளேஸ் என்ற ஊசியை உடனே போட்டுவிட்டு, ஆறு முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்தார்கள்; ஊசி பலிக்காதவர்களுக்கு உடனடியாகச் செய்தார்கள். மீதிப் பேரை நேரடியாக ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பினார்கள். முப்பது நாள் முடிவில் மரணம், அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு ஆகியவற்றின் கூட்டு விகிதம் முதல் பிரிவில் 12.4 சதவீதம், இரண்டாவதில் 14.3 சதவீதம், ஏறத்தாழச் சமம். ஊசிக்கு ஒரு விலை உண்டு: மூளையில் ரத்தக் கசிவு சிலருக்கு ஏற்பட்டது, நூற்றில் ஒருவருக்கு. 75 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்தின் அளவைப் பாதியாக்கிய பின் அது குறைந்தது. யாருக்கு ஊசி கூடாது என்பதை மருத்துவர் கேட்டறிந்தே போடுவார்.

இவை பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளைப் பதிவுசெய்த 'கிரியேட்' என்ற ஆய்வு 2008-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தியது. குழாய் முழுதும் அடைபட்ட நோயாளிகள் வலி தொடங்கி மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். அதாவது, பாதிப் பேர் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வந்தார்கள். என் மைத்துனர் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் விதிவிலக்கு இல்லை.

அதே ஆய்வில் பொருளாதாரம் படித்தவனைத் தூங்கவிடாத இன்னொரு கணக்கு உண்டு. முப்பது நாளில் இறந்தவர்கள் வசதி படைத்தோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏழைகள் அதிகம் புகைபிடிப்பதாலா, தாமதமாக வருவதாலா, உடல்நிலை முன்பே மோசமாக இருந்ததாலா? நோயாளியின் வயது, பழக்கவழக்கம், உடல்நிலை முதலியவற்றைச் சரிசெய்து கணக்கிட்டபோதும் இடைவெளி மறையவில்லை. அளிக்கப்பட்ட சிகிச்சையைச் சரிசெய்து கணக்கிட்டபோது மறைந்தது. ஒரே சிகிச்சை கிடைத்திருந்தால் ஏழையும் பணக்காரரும் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைத்திருப்பார்கள் என்பது இதன் பொருள். மேலும், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்று 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. 53 வயது என்பது மகள் திருமணமும் மகன் படிப்பும் முடியாத வயது.

இந்தப் பின்னணியில்தான் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் அதை முன்னெடுத்தார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள குடம், ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனை. ஆரக்கால்கள், சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகள். இ.சி.ஜி.யைத் தொலைத்தொடர்பு வழியே அனுப்பும் கருவி, 108 ஆம்புலன்ஸ், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகிய மூன்றும் இரண்டையும் இணைத்தன. சிறிய மருத்துவமனையில் ஊசி. பிறகு பெரிய மருத்துவமனையில் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. 2012 ஆகஸ்ட் முதல் 2014 ஜூன் வரை 4 பெரிய மருத்துவமனைகளையும் அவற்றோடு இணைந்த 35 சிறிய மையங்களையும் சேர்ந்த 2,420 நோயாளிகள் பதிவு செய்யப்பட்டார்கள். முடிவு 2017-இல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வந்தது.

திட்டத்துக்கு முன் ஆஞ்சியோ பெற்றவர்கள் 35 சதவீதம். பின் ஏறத்தாழ 61 சதவீதம். ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. எளிய கணக்கில், இந்த ஏற்பாட்டில் சேர்ந்த 29 பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பிழைத்தார். புதிய மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தவற்றைக் கோத்து வைத்தார்கள்.

ஆனால், எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். இது குலுக்கல் முறை ஆய்வு அன்று; 'முன்-பின்' ஒப்பீடு. இடைப்பட்ட காலத்தில் வேறு ஏதேனும் மேம்பட்டிருந்தால் அதன் பெருமையும் இந்தத் திட்டத்தின் கணக்கில் வரவாகியிருக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, மருத்துவமனைக்குள் நேர்ந்த இறப்பு 5.8 சதவீதம், 5.6 சதவீதம் என்று ஏறத்தாழ மாறவே இல்லை. அடைப்பை நீக்க எடுத்த நேரமும் கணிசமாகக் குறையவில்லை. மருத்துவமனைகளுக்கு இடையே உள்ள சாலையைச் சீராக்க முடிந்தது. வீட்டுக்கும் முதல் மருத்துவமனைக்கும் இடையே கரையும் நேரம் அப்படியே இருந்தது என்று இதை நான் வாசிக்கிறேன். சோடாவுக்கும் இஞ்சிச் சாற்றுக்கும் 'விடியட்டும் பார்க்கலாம்' என்பதற்கும் உரிய நேரம் அது. எந்த மென்பொருளும் அங்கே நுழையாது.

2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சுவலியோடு வருபவருக்கு 14 மாத்திரைகள் அங்கேயே கொடுக்கப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடார்வாஸ்டாட்டின் 8. நல்ல திட்டம். ஐசிஸ்-2 ஆய்வின் மலிவான பாதியைக் கிராமத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால், இந்த மாத்திரைகள் உறைவு வளர்வதைத் தடுக்குமே தவிர, குழாயை அடைத்துவிட்ட கட்டியைக் கரைத்துவிடாது. மாத்திரை போட்டாயிற்று என்று வீடு திரும்பினால் திட்டமே பகையாகிவிடும். மாத்திரையோடு இ.சி.ஜி.யும், அடுத்த மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸும் சேர வேண்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. விடிவதற்கு முன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களை இவ்வூர்க்காரர் எவரும் பார்த்திருப்பார். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல நேரங்களில் நெஞ்சுவலியாக வராமல், மூச்சுத்திணறலாகவோ, குமட்டலாகவோ, தாடை வலியாகவோ, இன்னதென்று சொல்ல முடியாத அசதியாகவோ வரும். தோட்டத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்துவிட்டால், கணக்கப்பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? தோட்டம் இருப்பது கேரளத்தில், வீடு இருப்பது தமிழ்நாட்டில். அருகிலுள்ள இ.சி.ஜி. எந்தப் பக்கம் என்பதை அந்த நிமிடத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து, எந்தத் தோட்டத்துக்கு எந்த மருத்துவமனை என்று ஓர் அட்டவணை ஒட்டினால் போதும். அதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் தாமதிக்கும் நாம், அவசரமில்லாத இடத்தில் ஓடுகிறோம். நடந்தால் மட்டும் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும் நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு, மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதும், முதலில் மருந்தை மட்டும் முறையாகக் கொடுப்பதும் ஒப்பிடப்பட்டன. இந்தியா உள்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த அந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-இல் வெளியானது. மூன்றாண்டுக்கும் மேல் கண்காணித்ததில் மரணமோ மாரடைப்போ இரு பிரிவிலும் பெரிதாக வேறுபடவில்லை. வலி குறைவதில் ஸ்டென்ட்டும் பைபாஸும் கூடுதல் பலன் தந்தன. அது சிறிய விஷயம் இல்லை. இடப்பக்க முதன்மைக் குழாயில் அடைப்புள்ளவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால், 'நாளைக்கே வைக்காவிட்டால் உயிர் போய்விடும்' என்று நிலத்தை அடமானம் வைக்கும் குடும்பம், யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கேட்கலாம், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம் என்பதற்கு இந்த ஆய்வு இடம் தருகிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய் என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. விலை குறைந்தது, எது அவசரம், எது அவசரமில்லை என்ற தெளிவு அதே வேகத்தில் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு பின்னிரவில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஐம்பது வயதுக்காரர். "சார், நெஞ்செரிச்சலா இருக்கு, ஒங்ககிட்ட ஜெலுசில் இருக்குமா?" என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு 108-ஐ அழைத்தேன். அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள், இயல்பாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தார்கள், இயல்பாகவே இருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்து, சில மணி நேரம் வைத்திருந்து, 'வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், பகலில் வந்து காட்டுங்கள்' என்று அனுப்பினார்கள். வெளியே வந்து ஆட்டோ பிடித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. "ஒங்க தூக்கத்தையும் கெடுத்துட்டேன், ஆட்டோவுக்கு வேற இருநூறு ரூபாய் தண்டம்" என்று அவர் வழி நெடுகப் புலம்பினார். அந்த இருநூறு ரூபாயை நான்தான் கொடுத்தேன்.